ஹார்டு டிஸ்க் ஒப்பாரி

சுருளியாண்டிக்கு ஊரில் இரண்டு பெயர். கடைப் பலகையில் இருக்கிற பெயர் சுருளி கம்ப்யூட்டர்ஸ். சனங்கள் வாயில் இருக்கிற பெயர் ஒப்பாரி. கம்பம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி சுருளியாண்டி கடை எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். ஒப்பாரி கடை எது என்று கேட்டால் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கையைக்கூட நீட்டாமல் தாடையாலேயே காட்டிவிடுவார். குத்துக்கல்லாக உயிரோடு இருக்கிற ஒரு மனுஷனை, பெண்டாட்டி பிள்ளையோடு குடும்பம் நடத்துகிறவனை இப்படிக் கூப்பிடுகிறோமே என்று ஒருத்தருக்கும் கூச்சம் கிடையாது. ஆரம்பத்தில் அவனுக்கே கூச்சம் இருக்கவில்லை. யாராவது அப்படிக் கூப்பிட்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான்.

பூர்வீகம் சுருளிப்பட்டி. அப்பா மலைச்சாமிக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது. பெரிய தோட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். பந்தலின் ஒரு மூலையில் நின்று கூப்பிட்டால் மறுமூலையில் கேட்டுவிடும். அதை வைத்தே மகனை எம்.சி.ஏ. படிக்க வைத்தார். சென்னையில் வேலை கிடைத்து, மகன் பெட்டியும் கட்டிவிட்டான். அந்த வருடம்தான், கொடிக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த மலைச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை. ஆத்தா பவுனைத் தனியாக விட்டுப் போக மனசில்லாமல் சுருளி கம்பத்திலேயே கடை போட்டான். கட்டிய பெட்டி ரொம்ப நாள் பரணில் கிடந்தது. அப்புறம் அதில் பழைய வயர்களைப் போட்டு வைத்தான்.

கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். ஆனால் வாட்ஸப்பில் ஒரு குழு வைத்து இரவும் பகலும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தாய் மாமன் வீட்டுக் கல்யாணத் தேதி ஞாபகம் இருக்காது, ஆனால் எந்தப் பிராசஸர் எந்த மாதம் வெளிவந்தது என்று தலைகீழாகச் சொல்வார்கள். விண்டோஸா லினக்ஸா என்று கேட்டுவிட்டால் உள்ளாட்சித் தேர்தல் தோற்றது. கேம் விளையாடும்போது கரண்ட் போனால் சொந்தத்தில் ஒருத்தர் போன மாதிரி முகம் வைத்துக்கொள்வார்கள். சுருளியும் அந்த ரகம்தான். ஒரே வித்தியாசம், அவனுக்கு அதைப் பார்த்துச் சிரிக்கவும் தெரிந்தது.

சிரித்தவன் சும்மா இருக்கவில்லை, பாட்டுக் கட்டினான். ஊர் மெட்டு, கம்ப்யூட்டர் சங்கதி. முதலில் வந்தது அப்டேட் தாலாட்டு:

ஆராரோ அப்டேட்டு ஆரிரரோ அப்டேட்டு
தொண்ணூத்தொம்பது பர்சன்ட்டுல தூங்கிப்போன அப்டேட்டு
மெயில் அனுப்பப் போகையிலே முந்தி வந்த அப்டேட்டு
மேனேஜர் திட்டையிலும் முழிக்காத அப்டேட்டு

அடுத்து பாஸ்வேர்டு கும்மி. பாட்டன் பேரு போட்டாச்சு, பசுமாட்டுப் பேரும் போட்டாச்சு, பெரிய எழுத்து ஒண்ணு கேட்குதே, பேயைக் கூப்பிட்டுப் போடவா என்று போகும். உத்தமபாளையத்து ஷானவாஸ் இதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். ஷானவாஸ் கல்யாண வீடியோ எடுக்கிறவன், சுருளி கடையில் கம்ப்யூட்டர் வாங்கிய பழக்கம் மாமன் மச்சான் உறவாக ஆகியிருந்தது. அவன்தான் படம் பிடித்து, சுருளி பெயரில் யூடியூபில் ஒரு சேனல் ஆரம்பித்தான். பார்த்தது என்னவோ அந்த வாட்ஸப் கூட்டமும் அவர்களுடைய கூட்டாளிகளும்தான். அதுவே சுருளிக்குப் போதுமானதாக இருந்தது. சென்னைக்குப் போகாதவன் சென்னைக்காரர்களைச் சிரிக்க வைக்கிறான் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு திருப்தி.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் செத்துப்போன ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். மூன்று வருடத்துப் படிப்பு மொத்தமும் அதில் இருந்ததாம். அவனுக்கு சோடா வாங்கிக் கொடுத்து, மீட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பிய பிறகு சுருளிக்குப் பொறி தட்டியது. ஹார்டு டிஸ்குக்கு ஒரு ஒப்பாரி வைத்தால் என்ன?

ஒப்பாரி மெட்டுக்கு அவன் எங்கேயும் அலைய வேண்டியதில்லை. சுருளிப்பட்டியில் ஒரு கேதம் என்றால் முதல் அடி எடுப்பது பவுனுதான். பெண்கள் தோளோடு தோள் கோர்த்து வட்டமாக உட்கார்ந்து காத்திருப்பார்கள். பவுனு வந்து இறந்தவரை ஒருமுறை பார்ப்பாள், உட்காருவாள், அந்த ஆளுக்கென்றே ஒரு அடி எடுப்பாள். அதற்குப் பிறகுதான் வீடு அழும். மலைச்சாமி செத்தபோதும் அவளேதான் எடுத்தாள், அவளுக்கு எடுத்துக்கொடுக்க வேறு ஆள் ஊரில் இல்லை.

வீட்டில் வைத்துப் பாடச் சொன்னதும் பவுனு சீறினாள்.

“ஏலே, நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றியே, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வீட்டுக்கு ஆகாது.”

“சரி ஆத்தா, தோட்டத்துக்குப் போவோம். அங்கன வச்சுப் பாடு.”

“என்னத்துக்குடா?”

“சும்மா. உன் குரலு எங்கிட்ட இருக்கட்டும்னுதான்.”

அவள் மகனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் மறுநாள் பந்தலடியில் வந்து உட்கார்ந்து, புருஷனுக்குப் பாடியதையே பாடினாள்.

பந்தலுக்குக் கல்லூண்டிப் பாதுகாத்த எஞ்சாமி
பந்தலெல்லாம் காச்சிருக்கு பறிக்க ஆளு இல்லையே

பாடும்போது அவளுக்குக் கண் கலங்கியது. சுருளி தலையைக் குனிந்துகொண்டு செல்போனைப் பிடித்திருந்தான். அந்த மெட்டு, அந்த இழுப்பு, மூச்சு விடுகிற இடத்தில் வருகிற அந்த விசும்பல், எதையும் மாற்றவில்லை. வார்த்தையை மட்டும் மாற்றினான்.

ஒரு டெரா பைட்டுக்காரா ஓயாமச் சுத்துனியே
கரக்கரன்னு சத்தம்போட்டுக் கண்ணமூடிப் போனியே
பேக்கப்பு எடுக்கச் சொல்லிப் பெரியவுக சொன்னாக
நாளைக்கு எடுப்போமின்னு நாந்தான் இருந்தேனே

ஷானவாஸ் அதை எடுத்த விதமும் சேர்ந்துகொண்டது. ஸ்டூல் மேல் ஹார்டு டிஸ்க், அதற்குச் சின்னதாக ஒரு மாலை, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. பக்கத்தில் சுருளி மார்பில் அடித்துக்கொண்டு பாடுகிறான். ஒரே வாரத்தில் ஊர் பூராவும் அதுதான். பெங்களூர் ஆபீஸ்களில் பார்த்தார்கள், துபாயில் பார்த்தார்கள். கம்ப்யூட்டரையே தொடாதவர்கள் பார்த்தார்கள். சுருளிக்குத் தலைகால் புரியவில்லை.

பவுனுக்கு விஷயம் தெரிந்தால் என்ன சொல்வாளோ என்று அவன் பயந்துகொண்டிருந்தான். அவள் அதைப் பக்கத்து வீட்டு செல்போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “காசு வேற ஒட்டி வச்சிருக்கான் பாரு, களவாணிப் பய” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். “எம் மெட்டு. எங்கிட்ட இருந்து தட்டிக்கிட்டுப் போயிட்டான்” என்று சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது. சுருளிக்கு உயிர் திரும்பி வந்தது.

அந்தச் சந்தோஷம் ஒச்சாண்டித் தாத்தா சாகிறவரைக்கும் இருந்தது.

ஒச்சாண்டி தெற்குத் தெருக்காரர், நல்ல சாவு. பவுனு வழக்கம்போல் போனாள், பார்த்தாள், உட்கார்ந்தாள், முதல் அடியை எடுத்தாள். பந்தலுக்கு வெளியே நின்றிருந்த இளவட்டங்களில் ஒருத்தன் “பேக்கப்பு எடுக்கலியே” என்று மெல்ல முனகினான். அவ்வளவுதான். அடக்க முடியாமல் அந்த வரிசை பூராவும் சிரித்துவிட்டது. அவர்கள் கெட்ட பிள்ளைகள் இல்லை. அந்த மெட்டைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்புதான் வரும், அப்படிப் பழகிவிட்டார்கள். இறந்தவருடைய மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பவுனு இரண்டாவது அடி எடுக்காமல் எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எந்தக் கேதத்துக்கும் அவள் பாடப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம் முட்டி வலிக்கிறது என்றாள். கொஞ்ச நாளில் கூப்பிட வருவதும் நின்றுபோனது. சாவு வீடுகளில் பெண்கள் சும்மா உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினார்கள்.

ஒரு நாள் காலை, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அவள் சாதாரணமாகக் கேட்டாள்.

“ஏலே சுருளி, நான் செத்தா ஆருடா பாடுவா?”

“ஏன் ஆத்தா இப்படியெல்லாம் பேசுற?”

“இல்ல, கேக்குறேன். பாடுனாச் சிரிப்பாகல்ல. நான் எத்தனை பேரை அழுது அனுப்பியிருக்கேன். என்னையச் சிரிச்சு அனுப்புவாகளோன்னு இருக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது பதில் சொல்லியிருப்பான். அவள் இட்லிக்குச் சட்னி போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள். அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். அன்றைக்கே கடைக்குப் போய் ஷானவாஸை வரச் சொன்னான்.

“அந்த வீடியோவ அழிச்சிரு மாப்ள.”

ஷானவாஸ் கொஞ்சம்கூட மறுக்கவில்லை. அவனும் பவுனு கையில் சாப்பிட்டவன்தான். “அழிச்சிர்றேன் மாமா. ஆனா ஒண்ணும் ஆகாது” என்றான். அவன் சொன்னதுதான் நடந்தது. சேனலில் அழித்த அன்றைக்கே வேறு நாற்பது பேர் அதை அவரவர் சேனலில் போட்டார்கள். வீரபாண்டித் திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் மைக்செட்டில் அதுதான் ஓடியது. பஸ்ஸில் யாரோ ஒருத்தருடைய செல்போன் மணியாக அது அடித்தது. ஹார்டு டிஸ்க் செத்தால் அதில் இருந்ததை மீட்டுக் கொடுக்கிறேன் என்று கடை வைத்திருக்கிறவனுக்கு, ஒன்றே ஒன்றைச் சாகடிக்க வழி தெரியவில்லை.

மறக்கடிக்கலாம் என்று பார்த்தான். ராப்பகலாக உட்கார்ந்து புதுப் பாட்டுக் கட்டினான். லினக்ஸ் தெம்மாங்கு என்று ஒன்று. ஓடாத பிரிண்டருக்கு வேப்பிலை அடிக்கிற பாட்டு ஒன்று. உண்மையைச் சொன்னால் இரண்டும் ஒப்பாரியைவிட நல்ல பாட்டுகள். சேனலில் போட்டதும் கீழே எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் எழுதினார்கள்: ஒப்பாரி அடுத்த பாகம் எப்போது?

தேனிப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவை அழிப்பதற்கு முன்பே ஷானவாஸ் வாக்குக் கொடுத்துவிட்ட நிகழ்ச்சி. ஒப்பாரி பாட மாட்டேன், மற்றதெல்லாம் பாடுகிறேன் என்று முதலிலேயே சொல்லி, அவர்களும் தலையாட்டியிருந்தார்கள். மேடையில் ஏறி தெம்மாங்கை ஆரம்பித்தான். இரண்டு வரி தாண்டவில்லை. பின்வரிசையில் ஒருத்தன் “ஒப்பாரி” என்றான். பிறகு பத்துப் பேர். பிறகு அரங்கமே ஒப்பாரி, ஒப்பாரி என்று காலால் தரையை உதைத்தது. முன்வரிசையில் இருந்த கல்லூரி முதல்வர் சிரித்துக்கொண்டே, பாடுங்கள் தம்பி, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று கை காட்டினார். சுருளி பக்கவாட்டில் பார்த்தான். ஷானவாஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். மேடைக்கு ஒரே படிக்கட்டு, அதில் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

பாடினான். மார்பில் அடித்துக்கொண்டு, விசும்பவேண்டிய இடத்தில் விசும்பி, அவர்கள் கேட்டபடியே பாடினான். அரங்கம் குலுங்கியது. தன் கையும் வாயும் தன்னுடையவை இல்லை என்று அவனுக்குத் தோன்றியது. அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வேல்விழி வாசலிலேயே நிறுத்தினாள். “அத்தை பாத்துட்டாக. காலேஜுக்காரக நேரலையில போட்டாகளாம், பக்கத்து வீட்டுல காட்டியிருக்காக” என்றாள். அவன் உள்ளே போனான். கட்டிலில் படுத்திருந்த பவுனு திரும்பிப் பார்த்தாள்.

“சாப்பிட்டியாப்பா?” என்றாள்.

அந்த வருடமே அவளுக்குச் சர்க்கரை முற்றி கிட்னி கெட்டுப்போனது. தேனி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகக் கொஞ்ச காலம் அலைந்தார்கள். தை மாதத்தில் ஒரு விடியற்காலை, சுருளியின் கையைப் பிடித்துக்கொண்டே போய்விட்டாள்.

வாசலில் ஷாமியானா போட்டார்கள். ஐஸ் பெட்டியில் பவுனைக் கிடத்தினார்கள். கொட்டுக்காரர்கள் வந்து ஒரு சுற்று அடித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். கொட்டு ஓய்கிற அந்த நேரம்தான் பெண்கள் பாடுகிற நேரம். பெண்கள் பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள், தோளோடு தோள் கோர்த்தும் இருந்தார்கள். ஆனால் முதல் அடி வரவில்லை. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் தெரு வரைக்கும் கேட்டது.

சுருளி வெளியே ஆம்பளைகளோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். எத்தனை பேரை அழுது அனுப்பியவள். அவள் வீடு இப்படி ஊமையாகக் கிடப்பதை அவனால் தாங்க முடியவில்லை. எழுந்து போய், வீரபாண்டியிலிருந்து வந்திருந்த ஆத்தாவின் தங்கை முத்துமாரியம்மாளின் பக்கத்தில் குந்தினான்.

“சின்னாத்தா, ஒரு அடி எடு.”

“எனக்குப் பாட வரும்ப்பா. ஆனா பயமா இருக்கு.” அவள் வாசல் பக்கம் கண்ணைக் காட்டினாள். அங்கே இளவட்டங்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். “அந்தா நிக்கிற பிள்ளைக சிரிச்சுப்புட்டா? எங்க அக்காவ வச்சுச் சிரிக்கக் கூடாதுய்யா.”

உன்னால்தான் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆண் பிள்ளை ஒப்பாரி வைக்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. ஆம்பளைகள் வெளியே நிற்பார்கள், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். சுருளி அந்தப் பெண்கள் வட்டத்தில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் கையை வைத்து, ஆத்தாவின் முகத்தைப் பார்த்தான். ஒரு அடி எடுக்க வாயைத் திறந்தான். பந்தலுக்குக் கல்லூண்டி என்பது அப்பாவுக்கு. ஆத்தாவுக்கென்று எது? பிரிண்டருக்கும் பாஸ்வேர்டுக்கும் பாட்டுக் கட்டியவனுக்குப் பெற்றவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. மெட்டு மட்டும் தொண்டையில் வந்து நின்றது. அந்த மெட்டுக்கு அவன் நாக்குக்குத் தெரிந்தது ஒரே பாட்டுதான். அதன் கடைசி அடிதான் கொஞ்சம் மாறி வந்தது.

நாளைக்குன்னு நாளைக்குன்னு நாந்தான் இருந்தேனே

பாடியது என்ன என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. நிறுத்தவும் முடியவில்லை. அழுகை உடைந்து, திரும்பவும் அதே வரியைத்தான் பாடினான். வாசலில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. முத்துமாரியம்மாள் அவன் தோளில் கையைப் போட்டு, அவன் விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

நாளைக்கு வாரேன்னு நாந்தான் இருந்தேனே
நாளைக்கு வந்து பாத்தா நடுக்கூடம் காலியாச்சே

அதற்குப் பிறகு வீடு அழுதது. வேல்விழி அழுதாள், ஷானவாஸ் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான், வாசலில் நின்ற பிள்ளைகளில் இரண்டு பேர் சட்டையில் கண்ணைத் துடைத்தார்கள். கொட்டுக்காரர்கள் திரும்பி வந்தும் கொட்டை எடுக்காமல் நின்றார்கள். பவுனு எப்படிப் போக ஆசைப்பட்டாளோ அப்படியே போனாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வரும்போது சுருளிக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கருமாதி முடிந்து கடையைத் திறந்த அன்று ஷானவாஸ் வந்தான். உட்காராமல் நின்றுகொண்டே செல்போனை நீட்டினான். முகம் செத்திருந்தது.

“கேதத்தன்னைக்கு யாரோ எடுத்தது கைமாறிப் போயிருக்கு மாமா. போட்டவன் எங்கயோ இருக்கிறவன். அழிக்கச் சொல்லி எழுதிட்டேன், பதிலே இல்ல.”

ஒப்பாரி பாகம் இரண்டு என்று தலைப்பு. ஐஸ் பெட்டி, பெண்கள் வட்டம், நடுவில் கண்ணாடியில் கை வைத்து சுருளி. பழைய பாட்டைவிட அதிகம் பேர் பார்த்திருந்தார்கள். சுருளி கீழே இருந்ததைப் படித்துக்கொண்டே போனான். வேற லெவல் நடிப்பு என்று ஒருத்தர். இந்தத் தடவை செட்டுக்கு நல்லா செலவு பண்ணியிருக்காங்க, ஐஸ் பெட்டி ஒரிஜினல் மாதிரியே இருக்கு என்று இன்னொருத்தர். பெட்டிக்குள்ள படுத்திருக்கிற பாட்டி யாரு, மூச்சைக்கூட அடக்கி நடிச்சிருக்காங்க, அவங்களுக்கு ஒரு சல்யூட் என்று இன்னொருத்தர்.

ஷானவாஸ் போனைத் திரும்ப வாங்கப் பார்த்தான், சுருளி கொடுக்கவில்லை. அந்தப் பாட்டியைக் கேட்டிருந்தவருக்குக் கீழே தன் சேனல் பெயரிலேயே ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பதில் அடித்தான்.

அது எங்க ஆத்தா. நடிக்கல. நெசமாவே செத்துட்டாக.

கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்தது. கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கிற பொம்மை முகங்கள் வரிசையாக நாலைந்து. அதற்குக் கீழே எழுதியிருந்தது: பாருங்க, அண்ணன் கடைசி வரைக்கும் நடிப்பை விடல.